மோட்டார் வீக் என்று சொல்வதற்கு முன்னால்

போன மாதம் டிஜே பழகும் ஒரு பையன், ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, மோட்டார் வீக். ரெக்கார்டைப் பிடித்தால் அடியில் சுழலும் தட்டும் சேர்ந்து நிற்கிறது." எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, என்மேல்தான் வந்தது. இதே வார்த்தைகளை ஒரு காலத்தில் நானும் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி, கையில் இருந்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்படி டர்ன்டேபிளில் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊசியில் தூசி, மாற்றிச் சொருகிய ஒயர் போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மோட்டார்மேல் பழி போடுவது

நான் வாங்கியது பழைய டெக்னிக்ஸ் 1200 எம்கே2. முன்பு வைத்திருந்தவர் பாட்டு மட்டும் கேட்பவர், தட்டின்மேல் கனமான ரப்பர் மேட் போட்டிருந்தார். நான் அதை எடுக்காமல் அதன்மேலேயே ஃபெல்ட் ஸ்லிப்மேட்டை (ரெக்கார்டைப் பிடித்தாலும் தட்டு தொடர்ந்து சுழல, நடுவில் போடும் வழுக்குத் துணி) விரித்தேன். ரப்பர் ஃபெல்ட்டைக் கவ்விக்கொண்டது. மெக்கானிக் ஏதோ ஐசியை மாற்றினார், செட் விலையில் பாதியை வாங்கிக்கொண்டார், வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே கதை! அப்புறம் ஒரு சீனியர் வந்து ரப்பரை உருவி எடுத்தார். வேலை முடிந்தது.

கணக்கு எளிது. எம்கே2-வின் தொடக்க டார்க் (தட்டைச் சுழற்றும் திருப்புவிசை) 1.5 கிலோ-சென்டிமீட்டர். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி விரல் வைத்தால், அந்த இடத்தில் மோட்டாரின் இழுப்பு 150 கிராம்தான், கிட்டத்தட்ட ஒரு ரெக்கார்டின் எடை. ஸ்லிப்மேட் அதற்குமேல் பிடித்து இழுத்தால் எந்தத் தட்டும் தள்ளாடத்தான் செய்யும். 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஃபெல்ட் துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியது இந்த வழுக்கலுக்காகத்தான்.

அதனால் முதலில் ரப்பரை எடுங்கள், தட்டைத் துடையுங்கள், ரெக்கார்டு உறையின் உள்ளே வரும் பிளாஸ்டிக் கவரை வட்டமாக வெட்டி ஸ்லிப்மேட்டுக்கு அடியில் போடுங்கள். பிறகு பிட்சை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை) 0-வில் வைத்து, ரெக்கார்டை லேசாகப் பிடித்துக்கொண்டே தட்டின் ஓரப் புள்ளிகளைப் பாருங்கள். 0-வுக்கு உரிய வரிசை அசையாமல் நின்றால் மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. அந்தப் பையனுக்கும் இதைத்தான் செய்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எண்ணைப் பார்த்து மயங்குவது

பயனியர் பிஎல்எக்ஸ்-1000 டர்ன்டேபிளில் டார்க் 4.5 கிலோ-சென்டிமீட்டர். ஸ்க்ராட்ச் செய்து (ரெக்கார்டை முன்னும் பின்னும் தள்ளி ஒலி எழுப்பி) அழுத்திப் பிடிக்கிறவர்களுக்கு அருமை. தட்டின் ஓரத்தை விரலால் தடவி இரண்டு பாட்டின் பீட்டைச் சேர்க்கிறவருக்கோ அது கொஞ்சம் முரட்டு மாடு. டார்க் மூன்று மடங்கு என்றால் ஆயுளும் மூன்று மடங்கு என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். 1979-இல் வந்த எம்கே2 அந்த 1.5-ஐ வைத்துக்கொண்டுதான் உலகமெங்கும் கிளப்களில் ஓடியது. அதன் மோட்டாரில் பெல்ட் இல்லை, பிரஷ் இல்லை, உரசித் தேய்வது நடு அச்சு மட்டும்தான். பழைய செட்டில் முதலில் போவது சிக்னல் ஒயர், பிட்ச் ஸ்லைடர், ஊசிக்கு வெளிச்சம் தரும் குட்டி பல்பு, ஊசியைத் தாங்கும் கைப் பகுதியின் பேரிங். வாங்கப் போனால் அந்தக் கைப் பகுதியை மெல்ல ஆட்டிப் பாருங்கள்.

பெல்ட் டிரைவில் ஸ்க்ராட்ச் பழகுவது

மோட்டார் ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும் செட்டில் வேண்டாம்.

எண்ணெய் ஊற்றுவது

எம்கே2-வின் நடு அச்சுக்கு 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை 2, 3 சொட்டு. ஊற்றக் கூடாது.

ஜப்பான் செட்டை நேரே சொருகுவது

அங்கே 100 வோல்ட், நம் ஊரில் 230. பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.

தட்டைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போடுவது

காந்தம் தட்டின் அடியில் ஒட்டியிருக்கிறது, சுருள் கீழே பெட்டியில். தட்டு இல்லாமல் அங்கே சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது. "மோட்டார் செத்துப்போச்சு" என்று ராத்திரி 11 மணிக்கு எனக்குப் போன் வந்திருக்கிறது, தட்டு கட்டில்மேல் கிடந்தது.