பேச்சு வரவில்லையா? நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

என் மகனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. தண்ணீர் வேண்டுமென்றால் கேட்க மாட்டான், விரல் நீட்டிக் காட்டவும் மாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் கையைத் தூக்கிக் குடத்தின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்கவே மாட்டான், கை மட்டும் போதும் அவனுக்கு. "என்ன சமத்து பாரு" என்று வீடே மெச்சியது. மூன்றரை வயதில் ஆட்டிசம், அதாவது பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறுபடுகிற மூளை வளர்ச்சி நிலை, என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், அது ஓர் அறிகுறி என்று எனக்கு விளங்கியது. இடையில் ஒன்றே முக்கால் வருடம் போய்விட்டது.

காத்திருந்ததுதான் பெரிய தவறு. "அவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்றார் என் மாமியார். அவர் சொன்னது பொய்யில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், அப்புறம் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்துகொள்வார்கள். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் பேச்சு வருமுன்பே கண்ணாலும் கையாலும் பேசிக்கொண்டிருப்பார்கள். காக்காவைப் பார்த்தால் விரலை நீட்டுவார்கள். நீட்டிவிட்டு, அம்மாவும் பார்க்கிறாளா என்று திரும்பி நம் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் வார்த்தைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ஒன்றரை வயதில் எதையாவது சுட்டிக் காட்டுகிறதா? இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறதா? இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். வந்த வார்த்தை மறைந்துபோனால் வயதெல்லாம் பார்க்க வேண்டாம், அந்த வாரமே போங்கள்.

நாங்கள் நாக்கில் வசம்பு தேய்த்தோம். சீர்காழி பக்கம் திருக்கோலக்காவுக்குப் போய் ஓசை கொடுத்த நாயகியிடம் வேண்டிக்கொண்டோம். வேண்டுதலில் தவறே இல்லை, இன்றைக்கும் போகிறோம். "வேண்டிக்கொண்டாயிற்று, ஒரு வருடம் பார்ப்போம்" என்று சும்மா இருந்ததுதான் தவறு.

காதைப் பரிசோதிக்காமல் விட்டது இன்னொன்று. பிஸ்கட் பாக்கெட் சரசரத்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். சில ஒலி மட்டும் கேட்டு, பேச்சொலி சரியாகக் கேட்காத பிள்ளைகளும் உண்டு. 'பெரா' போன்ற செவித்திறன் பரிசோதனைகள் செய்தால் தெரிந்துவிடும். என் மகனுக்குக் கோளாறு இல்லை. ஆனால் கேட்காத பிள்ளைக்கு ஒவ்வொரு மாதமும் இழப்பு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைகூட இருக்கிறது.

அடுத்ததை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பும், பள்ளிக்கூடம் எப்படியும் இங்கிலீஷ்தான், வீட்டிலும் அதையே பேசுங்கள் என்று ஒருவர் சொன்னார். நம்பினோம். வீட்டில் பேச்சு "கம்", "சிட்", "ஈட்" என்று சுருங்கிப்போனது. குளிப்பாட்டும்போது நான் பாடுவதை நிறுத்தினேன். நாள் முழுக்க அவனோடு வாயாடிக்கொண்டிருந்த மாமியார், தனக்கு இங்கிலீஷ் வராது என்று வாயை மூடிக்கொண்டார். பேச்சு வராத பிள்ளைக்கு, காதில் விழும் பேச்சையும் பறித்துவிட்டோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளில்கூட, இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு பின்தங்குவதாகத் தெரியவில்லை. உங்களுக்குச் சரளமாக, கொஞ்சிக் கொஞ்சிப் பேச வருகிற மொழியில் பேசுங்கள்.

"எல்லாம் போனால் வந்தது" என்று போனை நான்கு மாதம் ஒளித்தும் வைத்தோம். நன்றாகத் தூங்கினான், பேச்சு வரவில்லை. திரையைக் குறைக்க வேண்டியதுதான். இரண்டு வயதுக்குள் வேண்டாம், நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஆனால் திரை பார்ப்பதால் வருவது என்று சொல்லி, 'வெர்ச்சுவல் ஆட்டிசம்' என்று வலைத்தளங்களில் சுற்றுகிற பெயர் மருத்துவ வகைப்பாடுகளில் இல்லை. போனை நிறுத்துங்கள், அதே வாரம் மருத்துவரிடமும் போங்கள்.

பழி சுமத்துவதையும் விடுங்கள். தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வரும் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே சொன்னது, அது தவறென்று தள்ளியாகிவிட்டது. தடுப்பூசிமேல் பழி போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. இது தெரியாமல், இளையவளுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டிய தட்டம்மை ஊசியை நான் தள்ளிப்போட்டேன்.

"முழுசாகக் குணமாக்குகிறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. நகையை விற்று அங்கே போகிற பணம், பல வருடத்துப் பேச்சுப் பயிற்சிக்கு ஆகும்.

அந்தப் பயிற்சியிலும் ஒரு தவறு செய்தோம். வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் கொண்டுபோய் விட்டால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தோம். பயிற்சியாளர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தண்ணீர் டம்ளரை என் கன்னத்தருகே பிடிக்கச் சொன்னார். "தண்ணி" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருக்கச் சொன்னார். பத்து எண்ணுவது அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் வீட்டில் ஒவ்வொரு டம்ளருக்கும் அப்படியே செய்தேன். ஒரு நாள் டம்ளரைப் பார்த்த கண் என் முகத்துக்கு வந்தது, அப்புறம் "ண்ணீ" என்றான்.

ஆட்டிசம் என்று உறுதியானால்தான் பயிற்சி என்றில்லை, பேச்சு தாமதம் என்று தெரிந்த அன்றே தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு, டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கக் கூச்சப்படாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 'நிராமயா' திட்டத்தில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் கிடைக்கிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் வீட்டில் பிள்ளையைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பிடும்போது என்ன செய்கிறது, வேண்டியதை எப்படிக் கேட்கிறது, தனியாக எப்படி விளையாடுகிறது, இவை போதும். புது இடத்தில் பத்து நிமிடத்தில் எல்லாம் தெரியாது. என் கையைக் குடத்தின் மேல் வைக்கிற அந்த வீடியோ என் போனில் இருந்தது. குடும்ப வாட்ஸாப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். தடுப்பூசிக்குப் போய்வந்த மருத்துவரிடம் மட்டும் காட்டவில்லை.