புதைகுழாய்களுக்கு உள்ள நிலநடுக்க இடரை வரைபட மென்பொருளில் மதிப்பிடும் முறை

2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரம் குலுங்கியபோது, ஏவன் ஆற்றை ஒட்டிய கிழக்குப் பகுதிகளில் மணல் நீரோடு கலந்து சேறாகப் பொங்கியது. அங்கே புதைந்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்கள் ஏராளமாக உடைந்தன, பாலிஎத்திலீன் குழாய்களோ பெரும்பாலும் தாங்கி நின்றன. ஆகவே குழாயையும் அது கிடக்கும் மண்ணையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளே இதற்குப் போதும். குழாய்க் கோடுகள் (பொருள், விட்டம், இணைப்பு வகை ஆகிய விவரங்களுடன்), நிலத்தின் உச்ச அசைவு வேகம், மண் சேறாகக்கூடிய பகுதிகள் என மூன்று வரைபட அடுக்குகளையும் மீட்டர் அலகுள்ள ஒரே ஆயத்தொலை முறைக்கு (இடங்களை எண்களால் குறிக்கும் முறைக்கு) மாற்றுங்கள்.

குழாய்க் கோடுகளை மண் பகுதிகளின் எல்லைகளில் வெட்டி, நீண்டவற்றை நூறு மீட்டர் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் நடுப்புள்ளியிலும் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகும் அட்டவணையில் பழைய நீளமே நிற்கும் என்பதால், நீளத்தை மறுபடியும் கணக்கிடத் தவறாதீர்கள். இந்த ஒரு பிழை முழு முடிவையும் பலமடங்கு ஊதிக் காட்டிவிடும்.

பேரிடர் இழப்புகளை மதிப்பிடும் அமெரிக்காவின் ஹேஸஸ் (Hazus) வழிமுறைப்படி, அதிர்வலையால் கிலோமீட்டருக்கு நேரும் பழுதுகள் 0.0001 × வேகத்தின் 2.25ஆம் அடுக்கு, வேகம் நொடிக்குச் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். நொடிக்கு 30 சென்டிமீட்டர் என்றால் வார்ப்பிரும்பு போன்ற நொறுங்கும் குழாயில் ஏறத்தாழ 0.21 பழுது வரும். எஃகு போன்ற வளையும் குழாய்க்கு அதை 0.3ஆல் பெருக்குங்கள். நிலம் நகரும் இடத்திலோ, மண் சேறாகும் நிகழ்தகவை நகர்வின் 0.56ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும்; இங்கே அலகு அங்குலம். நிலம் பத்து அங்குலம் நகர்ந்தால், சேறாவது உறுதி என்று கொள்ளும்போது, நொறுங்கும் குழாயில் கிலோமீட்டருக்கு 3.6 பழுதுகள், அதாவது முந்தைய எண்ணைப் போல் சுமார் 17 மடங்கு. குழாய்ப் பட்டியலைத் திருத்துவதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது மண் வரைபடத்துக்கு ஒதுக்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த இரண்டு பழுது விகிதங்களையும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசைகளில் வைத்திருங்கள். அதிர்வலையால் வரும் பழுதுகளில் 80 விழுக்காட்டைக் கசிவு என்றும், நில நகர்வால் வருபவற்றில் 80 விழுக்காட்டை முழு உடைப்பு என்றும் ஹேஸஸ் கொள்கிறது. கசியும் குழாயில் ஓரளவேனும் நீர் வரும், உடைந்த குழாயில் தீயணைப்புக்கும் நீர் கிடைக்காது. கடைசியாக, விகிதத்தை நீளத்தால் பெருக்கித் துண்டுகளுக்கு நிறமிட்டு, மருத்துவமனைகளுக்கு நீர் கொண்டுசெல்லும் தடங்களை அதன் மேல் வரைந்து, அதிகப் பழுது காட்டும் துண்டுகளில் இத்தடங்கள் செல்லும் இடங்களை முதலில் மாற்ற வேண்டியவையாகக் குறியுங்கள்.