ஹவாய்த் தீவுச் சங்கிலி: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாய்த் தீவுகள் உருவான விதத்தை வரையும்போது பலரும் சறுக்குவது ஓர் அம்புக்குறியில்தான். வெப்பப்புள்ளி, அதாவது புவியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் இடம், தென்கிழக்காக ஊர்ந்து, போகும் வழியெங்கும் தீவுகளை விட்டுச்சென்றதாக வரைந்துவிடுகிறார்கள். ஊர்வது மேலே இருக்கும் பசிபிக் தட்டு, அதாவது கடலடித் தரையைச் சுமக்கும் மாபெரும் பாறைப் பலகை. அது வடமேற்கே நகர்கிறது. அடியில் உள்ள வெப்பம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. தையல் இயந்திரத்தில் துணி நகர, ஊசி ஒரே இடத்தில் குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள், அம்பு பிசகாது.

வயதே இதற்குச் சாட்சி. கிலாவேயா எரிமலை உள்ள 'பெரிய தீவு' (ஹவாய் தீவு) தென்கிழக்கு முனையில் இருக்கிறது. அதுதான் தீவுகளில் இளையது. கவாய் தீவுக்குச் சுமார் 50 லட்சம் வயது. கிலாவேயாவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 2,400 கி.மீ. தள்ளியுள்ள மிட்வே தீவுக்குச் சுமார் 2.8 கோடி. தூரத்தை வயதால் வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 8 அல்லது 9 செ.மீ. தட்டின் வேகமே கைக்கு வந்துவிடுகிறது! இந்தக் கணக்கை ஒருமுறை போட்டவர் அம்பைத் திருப்பி வரைய மாட்டார்.

தரைக்கு அடியில் குழம்புக் கடல் கொதிப்பதாக எழுதுவதும் தவறு. புவியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் திடப்பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாக நெகிழ்ந்து நகரும் பாறை. சூடான பாறை மேலெழும்போது அதன் மீதான அழுத்தம் குறைகிறது. அதனாலேயே அதில் ஒரு சிறு பகுதி உருகுகிறது. மேலே வந்தபின் புதிதாகச் சூடேறி உருகுவதில்லை.

ஜப்பான், அலூசியன் தீவுகளை இதே பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புதையும் விளிம்பில் பிறந்தவை. ஹவாய் தட்டின் நடுவே இருக்கிறது.

கடலுக்கு மேலே தெரிவதை மட்டும் எண்ணினால் சங்கிலியின் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். வெப்பப்புள்ளியை விட்டு விலகிய தீவு அரிக்கப்படுகிறது. அதைத் தாங்கும் தட்டும் குளிர்ந்து தாழ்கிறது. பவளப்பாறைகள் சில காலம் ஈடுகொடுத்து வளர்கின்றன, பிறகு அவையும் மூழ்குகின்றன. இப்படி மூழ்கிய, சங்கிலியின் வடக்கு நீட்சியான எம்பரர் மலைகளையும் சேர்த்தால் சங்கிலி சுமார் 6,000 கி.மீ. நீண்டு கம்சாட்கா அருகே முடிகிறது. மறுமுனையில், பெரிய தீவின் தென்கிழக்கே, லோயிஹி என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட எரிமலை நீருக்கடியில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

மேலே 'ஏறத்தாழ' என்று எழுதியது வேண்டுமென்றேதான். 1963இல் கனடா புவியியற்பியலாளர் டூசோ வில்சன் இந்த விளக்கத்தை முன்வைத்தபோது வெப்ப மூலம் அசையாதது என்றே கொண்டார். ஆனால் 2001இல் எம்பரர் மலைகளைத் துளையிட்டு எடுத்த பாறைகளில் உறையும்போதே பதிந்த காந்தத்தன்மை, அவை இன்றைய ஹவாயைவிட வடக்கே உறைந்ததைக் காட்டியது. வெப்பப்புள்ளியும் அக்காலத்தில் தெற்கே நகர்ந்திருக்கிறது. ஆகவே சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன், எம்பரர் மலைகள் ஹவாய்த் தீவு வரிசையோடு சேருமிடத்தில், சங்கிலியில் விழுந்த வளைவுக்குத் தட்டு திசை மாறியதை மட்டுமே காரணமாக எழுதாதீர்கள்.