சென் துனி பசிலிக்காவுக்குப் பாதுகாப்பாகச் சென்று வருவது எப்படி

பாரிஸின் லா சப்பல் பகுதியில் மரக்கறி வாங்கவும் நகை பார்க்கவும் நம்மவர்கள் நடந்து திரியும் தெருவின் பெயர் ரூ து ஃபோபூர் சென் துனி. வடக்கே இருக்கும் சென் துனி நகருக்குப் போன பழைய பெருவழியின் ஒரு பகுதிதான் அந்தத் தெரு. முடிசூடிய அரசர் தலைநகருக்குள் நுழைந்ததும், இறந்த அரசரின் உடல் அடக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டதும் சென் துனி வழியாகத்தான். ஆயினும் அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளாகப் புழங்குகிறவர்களில் பலர், அந்த வழி போய்ச் சேரும் பசிலிக்காவை, அதாவது பிரெஞ்சு அரசர்கள் அடக்கம் செய்யப்பட்ட அந்தப் பெரிய தேவாலயத்தை, ஒரு நாளும் பார்த்ததில்லை. “தொண்ணூற்று மூன்றா? அங்கே தனியாகப் போகாதே” என்று அந்த மாவட்டத்தின் இலக்கத்தைச் சொல்லித் தரும் எச்சரிக்கை அவர்களைத் தடுத்துவிடுகிறது. அந்த எச்சரிக்கை முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. நேரம், வழி, கையில் கொண்டுபோகும் பொருள் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்வரலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பிரித்துப் பார்ப்போம். 93 என்ற இலக்கத்தால் அறியப்படும் சேன் சென் துனி மாவட்டம், ஐரோப்பிய நிலப்பரப்பிலுள்ள பிரெஞ்சு மாவட்டங்களில் மிகவும் வறியது. தொடருந்து நிலையத்தைச் சுற்றிக் கள்ளச் சிகரெட் விற்பவர்கள் நிற்பதும், சில தெருமுனைகளில் போதைப்பொருள் வியாபாரம் நடப்பதும், சனநெரிசலில் கைபேசியும் சங்கிலியும் பறிபோவதும் உண்மைதான். ஆனால் பகலில் பசிலிக்காவுக்கு வந்து போகும் ஒருவருக்கு நேரக்கூடிய தீங்கு பெரும்பாலும் பொருள் திருட்டுதான். சிகரெட் விற்பவர் உங்களிடம் ஏதும் கேட்டால் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தால் போதும். அவர் உங்களைப் பின்தொடரப்போவதில்லை. அந்தத் தெருக்களில் நடக்கிற மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகிற குடும்பத்தினர்தான். அவர்கள் எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டு போவது பாதுகாப்பைக் கூட்டாது. அது அவர்களுக்குச் செய்கிற அநியாயமும்கூட.

நேரத்தைப் பொறுத்தவரை, புதன் அல்லது வியாழன் காலை பத்து மணி மிகச் சிறந்தது என்பது என் கருத்து. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஆகிய நாட்களில் பசிலிக்காவுக்கு அருகே பெரிய சந்தை கூடும். சந்தை பார்க்க வேண்டிய ஒன்றுதான் என்றாலும், தோளோடு தோள் உரசும் அந்த நெரிசல்தான் பாக்கெட் அடிப்பவர்களுக்கு வசதியானது. ஞாயிறு காலையில் திருப்பலி நடப்பதால் அரசர்களின் கல்லறைப் பகுதி நண்பகலில்தான் திறக்கும். சனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களில் கல்லறைப் பகுதி மூடியிருக்கும். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். டிசம்பரிலும் சனவரியிலும் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு புறப்படுவது வீண் பயணம். மற்றொன்று, புறப்படுமுன் ஸ்டாட் து பிரான்ஸ் விளையாட்டரங்கில் அன்று ஆட்டமோ இசை நிகழ்ச்சியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2022 மே 28 அன்று அங்கே நடந்த ஐரோப்பியக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது, வெளியே வந்த பார்வையாளர்கள் பலர் வழிப்பறிக்கு ஆளானார்கள். அத்தகைய நாட்களில் மெட்ரோவும் நிரம்பி வழியும் என்பதால் பயணத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே புத்தி.

போகும் வழியில் எனக்கு ஐயமே இல்லை: 13ஆம் இலக்க மெட்ரோதான். லா சப்பலில் இருந்து வருபவர்கள் 2ஆம் இலக்க மெட்ரோவில் பிளாஸ் து கிளிஷி வரை போய் அங்கே மாறிக்கொள்ளலாம். 13ஆம் இலக்கம் லா ஃபூர்ஷ் நிலையத்தில் இரண்டாகப் பிரிவதால், வண்டியின் முகப்பில் சென் துனி யுனிவேர்சித்தே என்று இருக்கிறதா எனப் பார்த்து ஏற வேண்டும். கவனிக்காமல் ஏறினால் ஜென்விலியே பக்கம் போய்விடுவீர்கள். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரே பசிலிக் து சென் துனி என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. அங்கிருந்து தேவாலயம் சில நிமிட நடைதான். கார் து நோர்ட் நிலையத்தில் இருந்து ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர்த் தொடருந்தில் போனால் பயணம் விரைவாக முடியும், உண்மை. ஆனால் அது இறக்கிவிடும் சென் துனி தொடருந்து நிலையம்தான் இந்த நகரத்தின் கரடுமுரடான மூலை. அங்கிருந்து பசிலிக்காவுக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அந்த வழியால் வர நேர்ந்தால் நிலையத்தின் வாசலில் நின்று வழி தேடாமல், ட்ராம் 1இல் ஏறிப் பசிலிக்கா நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள். சோதனையாளர்கள் அடிக்கடி நிற்பதால் பயணச்சீட்டை வெளியே வரும்வரை எறிந்துவிடக் கூடாது.

13ஆம் இலக்க மெட்ரோ காலையும் மாலையும் மூச்சு முட்டும் அளவுக்கு நிரம்பும். காலை ஒன்பதரைக்குப் பிறகு ஏறி, மாலை நான்கரைக்கு முன் திரும்பிவிட்டால் அந்த நெரிசலுக்குத் தப்பலாம். கதவோரம் நின்று கைபேசி பார்ப்பதை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கதவு மூடும் அந்தக் கணத்தில் பறித்துக்கொண்டு மேடையில் குதித்து ஓடுவது பாரிஸ் முழுவதும் நடக்கும் பழைய முறை. அடுத்தது பொன். இதை நம் பெண்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்தை மூடிய ஆடையோ சால்வையோ அணிந்து அதை முற்றிலும் மறைத்துக்கொள்ளுங்கள், வளையலையும் அட்டியலையும் அன்றைக்கு வீட்டில் வைத்துவிடுங்கள். பறிக்க வருபவர் சங்கிலியை இழுக்கும்போது கழுத்தில் படும் காயமும், நிலைகுலைந்து விழும்போது ஏற்படும் எலும்பு முறிவும் பவுணைவிடப் பெரிய இழப்புகள். கடவுச்சீட்டையோ வதிவிட அட்டையையோ உட்பையில் வையுங்கள். தோள்பையை முன்பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வங்கி அட்டையும் சிறிது காசும் போதும். பயணப்பெட்டியோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் விமான நிலையத்தில் இருந்து நேரே வருவதை எண்ணிப்பார்க்கவும் வேண்டாம்.

மெட்ரோவை விட்டு மேலே வருமுன்பே, கீழே சுவரோரம் நின்று வரைபடத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மனதில் பதித்துவிடுங்கள். மேலே வந்தபின் தயங்காமல் நடங்கள். வழி தவறினால் தெருவில் நின்று தடுமாறாமல் ஒரு கடைக்குள் நுழைந்து “போன்ஜூர்” சொல்லிக் கேளுங்கள். அந்த வணக்கம் இல்லாமல் கேட்டால்தான் இந்த ஊரில் முகம் சுளிப்பார்கள்.

இனி, இத்தனை கவனத்தோடு வந்து பார்க்கப்போவது என்ன? இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் பாணியான கோதிக் கட்டடக்கலை பிறந்த இடம் என்று கலை வரலாற்று ஆசிரியர்கள் பலர் சொல்வது இந்தத் தேவாலயத்தைத்தான். மடாதிபதியாக இருந்த சூஜே, கனத்த சுவர்களால் இருண்டிருந்த பழைய கோயிலை மாற்றி, கூர்முனை வளைவுகளும் கூரையைத் தாங்கும் விலா எலும்பு போன்ற வளைவுகளும் பாரத்தைத் தாங்கும்படி செய்து, சுவர் இருந்த இடத்தில் வண்ணக் கண்ணாடிகளை நிறுத்தினார். பலிபீடத்தைச் சூழ்ந்த அந்தப் பகுதி 1144 யூன் 11 அன்று அருட்பொழிவு செய்யப்பட்டது. ஒளி கடவுளிடம் இட்டுச்செல்லும் என்பது அவருடைய நம்பிக்கை. பலிபீடப் பகுதி கிழக்கு நோக்கி இருப்பதால், காலை வெயிலில் நீலமும் சிவப்பும் கல்தரையில் விழும்போது அவர் என்ன எண்ணினார் என்பது விளங்கும். பாதுகாப்புக்காக நான் சொன்ன காலை நேரம் இதற்கும் உகந்தது.

நடுக்கூடத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; அரசர் கல்லறைகளுக்கும் நிலவறைக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது இலவசம். பல அருங்காட்சியகங்களுக்குப் பொதுவான பாரிஸ் மியூசியம் பாஸ் வைத்திருப்பவர்கள் தனியாக வாங்கத் தேவையில்லை. அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 42 அரசர்களும் 32 அரசிகளும் இங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட படுத்த நிலைச் சிலைகள் கைகூப்பியபடி கிடக்கின்றன. அவற்றில் பலவற்றின் காலடியில் நாயோ சிங்கமோ இருக்கும், பிள்ளைகள் அதைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்வார்கள். இரண்டாம் ஹென்றிக்கும் கத்தரீன் து மெடிசிக்கும் எழுப்பிய நினைவுமண்டபத்தில் நீண்ட நேரம் நில்லுங்கள்: மேலே அரசக்கோலத்தில் மண்டியிட்ட இருவர், கீழே ஆடையின்றி உயிரற்றுக் கிடக்கும் அதே இருவர். 1793இல் புரட்சியாளர்கள் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். சிலைகள் தப்பியதற்கு அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோய்க் காத்த அலெக்சாந்தர் லெனுவார்தான் காரணம். 1817இல் தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகள், யாருடையவை என்று பிரித்தறிய முடியாமல், நிலவறையில் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அவர்களின் பெயர்கள் பொறித்த பலகைகளுக்கு முன் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சிலைகளில் மனம் ஒன்றிப்போயிருக்கும் அந்த நேரத்திலும் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். இது வழிபாடு நடக்கும் பேராலயம் என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசுவதும், ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதும் மரியாதை.

இவ்வளவுக்கும் பிறகு ஏதேனும் பறிபோனால் துரத்த வேண்டாம், பொருளை விட்டுவிடுங்கள். உடனே பசிலிக்காவின் பணியாளர்களிடமோ அருகிலுள்ள கடையிலோ உதவி கேளுங்கள். காவல்துறைக்கு 17, மருத்துவ உதவிக்கு 15, எதற்கும் பொதுவாக 112. காது கேளாதவர்களும் பேச முடியாத நிலையில் இருப்பவர்களும் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். கைபேசிக் கருவியின் அடையாள இலக்கத்தையும் (IMEI) வங்கியின் அட்டை முடக்கும் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருந்தால் முறைப்பாடு கொடுப்பது எளிதாகும்.

வெளியே வந்ததும் முகப்பை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தெற்குக் கோபுரம் மட்டும் உயர்ந்து நிற்கும். வடக்குக் கோபுரம் புயலில் சிதைந்து 1840களில் பிரித்து இறக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பும் வேலை இப்போது நடக்கிறது. படம் எடுக்க வேண்டுமென்றால் சதுக்கத்தின் ஓரத்துக்குப் போய், முதுகைச் சுவருக்குக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். பின் கைபேசியை உள்ளே வைத்து, பையின் இழுபட்டியைப் பூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வந்த வழியில் மெட்ரோவுக்குத் திரும்புங்கள்.