கையில் ஊசி குத்திவிட்டதா? முதலில் குழாயைத் திறங்கள்

நான் ஸ்டாஃப் நர்ஸ். பதினாலு வருஷமாக இதே வேலை. 2022 நவம்பர் 17, கார்த்திகை முதல் தேதி, விடியற்காலை இரண்டே முக்கால் இருக்கும். விபத்தில் அடிபட்டு வந்த ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியை உருவும் நேரத்தில் அவர் வலி தாங்காமல் கையை வெடுக்கென்று இழுத்தார். என் இடது ஆட்காட்டி விரலில் ஊசி இறங்கிவிட்டது. கிளவுஸுக்குள்ளே ஒரு சிவப்புப் பொட்டு மெதுவாகப் பரவியது. அதைப் பார்த்த நொடியில், எச்.ஐ.வி. தொற்றிவிடுமோ என்ற பயத்தில் படித்ததெல்லாம் மறந்துபோனது. விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ரத்தம் எடுத்தேன். ஸ்பிரிட்டை ஊற்றினேன். இரண்டும் தப்பு.

உங்களுக்கு இப்போதுதான் குத்தியிருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சாதாரண சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம். டெட்டால், ஸ்பிரிட், பீட்டாடின், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கும், அவ்வளவுதான். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதோடு சேர்த்தே கழுவி, பிறகு லென்ஸை எடுங்கள்.

அப்புறம் மணியைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் குத்தியது, என்ன ஊசி, அதில் ரத்தம் தெரிந்ததா, எவ்வளவு ஆழம், யாருக்குப் போட்ட ஊசி. டாக்டர் கேட்கப்போவது இவற்றைத்தான். ஆழமாக இறங்கிய ஊசி, ரத்தக்குழாய்க்குள் இருந்து வந்த ஊசி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தம் ஒட்டியிருந்த ஊசி, இவற்றில் ஆபத்து கூடுதல். தையல் ஊசி போலத் துளை இல்லாத ஊசி என்றால் குறைவு.

எழுதியதும் மேலே இருப்பவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னபோது, "ஒரு ஊசிதானே, எழுதிக் கொடுத்தால் வீண் வம்பு, காலையில பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. நானும் எட்டு மணி வரை டியூட்டி பார்த்தேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் மாத்திரையை விழுங்கும்போது மதியம் ஒன்றரை. கிட்டத்தட்ட பதினொரு மணி நேரம். அந்த நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்காது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2017ல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்று ஏற்படக்கூடிய வேலை செய்பவர்களுக்குத் தடுப்பு மருந்து ஏற்பாடு செய்ய வேண்டியது மருத்துவமனையின் கடமை. தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். நீங்கள் கேட்பது சலுகை கிடையாது.

அந்த மருந்துக்குப் பெயர் பெப். குத்திய இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் ரொம்ப நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயன் இருக்காது. வைரஸ் உள்ளே போனதும் முதலில் அந்த இடத்துச் செல்களில்தான் தங்கும். நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ப் பெருக இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியில் மருந்து குறுக்கே நிற்க வேண்டும். அதனால் யாருடைய ரிசல்ட்டுக்காகவும் காத்திருக்காமல் முதல் மாத்திரையைப் போட்டுவிடுவார்கள். நோயாளிக்கு எச்.ஐ.வி. இல்லை என்று பிறகு தெரியவந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அவருக்கு டெஸ்ட் எடுக்க அவருடைய சம்மதம் வேண்டும். அவரிடம் நாமே போய்க் கேட்காமல், டாக்டரோ கவுன்சிலரோ பக்குவமாகக் கேட்பதுதான் சரி. என் விஷயத்தில் அவரை விடியும் முன்பே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. எனவே 28 நாளும் மாத்திரை.

இப்போது பொதுவாகக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் உள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். இரவு நேரம் என்றால் நேராகக் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். முதல் வாரம் எனக்குக் குமட்டலும் தலைவலியும் இருந்தன. ராத்திரி போட்டால் தூக்கம் கெட்டது, டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். சத்து மாத்திரையோ அசிடிட்டி மருந்தோ சாப்பிடுகிறவர்கள் அதை அவசியம் சொல்லுங்கள். இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் மூன்றும் டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரண்டு மணி நேரம் முன்னதாக இந்த மாத்திரை, பிறகு அவை என்று இடைவெளி விட வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை கொடுக்கும்போதே ரத்தமும் எடுப்பார்கள். எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, கூடவே சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின். இந்த முதல் எச்.ஐ.வி. டெஸ்ட், குத்துவதற்கு முன்னால் உங்கள் நிலை என்ன என்பதைத்தான் காட்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் முடித்தீர்களா என்று கேட்பார்கள். எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்தே பயப்படுகிறோம், ஆனால் ஊசி மூலம் ரொம்பச் சுலபமாகத் தொற்றுவது ஹெபடைட்டிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு, அந்த வைரஸ் உள்ள ரத்தத்தின் ஊசி குத்தினால், நூற்றில் 6 முதல் 30 பேருக்கு வரை தொற்றலாம். எச்.ஐ.வி. உள்ள ரத்தத்தின் ஊசி குத்தினால் ஆயிரத்தில் சுமார் 3 பேருக்கு. அதுவும் எந்த மருந்தும் எடுக்காதபோது. மீதி 997 பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. நோயாளி ஒழுங்காக ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு வைரஸ் கட்டுக்குள் இருந்தால் இன்னும் குறைவு.

இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். இருந்தும் பயம் போகவில்லை. கைக்கு மருந்து கிடைத்துவிட்டது, மனசைத்தான் மூன்று மாதம் தூக்கிச் சுமந்தேன்.

என் டம்ளரைத் தனியாக வைத்தேன். நாலு வயசுப் பையனுக்கு முத்தம் கொடுக்கவில்லை. அவன் மிச்சம் வைத்த சோற்றைச் சாப்பிட என்ன, தொடக்கூட யோசித்தேன். ஒன்பதாம் நாளே தனியார் லேபில் டெஸ்ட் எடுத்தேன், பதினாறாம் நாள் மறுபடியும். இரண்டும் நெகட்டிவ், இரண்டு நாளைக்கு மேல் நிம்மதி தங்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் எடுக்கும் டெஸ்ட்டில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரம் லேசாகக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் மழைக்காலக் காய்ச்சல். எனக்கு மட்டும் அது அதுதான் என்று தோன்றியது. ராத்திரி போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு அறிகுறிகளைத் தேடித் தேடிப் படித்தேன். காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு, இவை நூறு காரணத்தால் வரும். அறிகுறியை வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. டெஸ்ட் மட்டும்தான் சொல்லும்.

நம்பிக்கை மையத்து கவுன்சிலர்தான் என்னைப் பிடித்து நிறுத்தினார். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்றுதான் பெயர். காசு கிடையாது, விஷயம் வெளியே போகாது. "சிஸ்டர், பயம் வர்றப்பெல்லாம் டெஸ்ட் எடுக்காதீங்க. தேதி வர்றப்ப எடுங்க" என்றார். ஒரு சீட்டில் மூன்று தேதி எழுதினார்: டிசம்பர் 29, பிப்ரவரி 9, மே 17. ஆறு வாரம், பன்னிரண்டு வாரம், ஆறு மாதம். வீட்டில் தினசரி காலண்டர் தொங்கும். டிசம்பர் 29 தாளில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். புது வருஷக் காலண்டர் வந்ததும் மற்ற இரண்டு தாளையும் தேடிப் புள்ளி வைத்தேன். இடையில் பயம் வரும்போது சமையலறையில் நின்று காலண்டரைப் பார்ப்பேன். இன்னும் இத்தனை தாள். அதற்குள் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை, மாத்திரையைத் தவிர. அது உண்மையாகவே உதவியது.

தேதிகளுக்குக் காரணம் உண்டு. வைரஸின் துண்டையும் அதற்கு எதிரான புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நாலாம் தலைமுறை டெஸ்ட்டில், தொற்று இருந்தால் பெரும்பாலும் 45 நாளுக்குள் தெரிந்துவிடும். விரலில் குத்தி எடுக்கும் ராபிட் டெஸ்ட்டுக்கு 90 நாள் வரை ஆகலாம். பெப் மாத்திரை எடுத்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம் என்பதால், ஆறு வார ரிசல்ட்டோடு நிறுத்தாமல் பன்னிரண்டு வாரத்திலும் பார்க்கிறார்கள். ஆறாவது மாதமும் வரச் சொன்னால் போய்விடுங்கள். ஒரு டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்று வந்தாலும் அதோடு முடிவு செய்ய மாட்டார்கள். மூன்று வேறு வேறு கிட்டில் பார்த்த பிறகே சொல்வார்கள்.

வீட்டில் சொல்வதா? எங்க வீட்டுக்காரர் ஊசி குத்திய அன்று காலைதான் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கடைசி டெஸ்ட் வரை ஆணுறை வேண்டும் என்று கவுன்சிலர் சொன்னபோது, விரதம் இருக்கிறதே, இப்போது சொல்ல வேண்டாம் என்று அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூன்று வாரம் தனியாகத் தவித்தேன். ஒரு நாள் அவரே மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்து "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தனியாக வைத்திருந்த என் டம்ளரை எடுத்து மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தார். உங்களுக்கு யாரிடம் சொல்ல முடியுமோ அந்த ஒருவரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, ஒரே பாத்ரூமாலோ எச்.ஐ.வி. பரவாது. ரத்த தானம் மட்டும் இந்தக் காலத்தில் கொடுக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, வேலைக்குப் போகவே கை நடுங்குகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று நினைப்பு வருகிறது என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். 14416க்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள். எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097. எல்லாத் தேதியும் முடிந்து நெகட்டிவ் வந்த பிறகும் இன்னொரு டெஸ்ட் எடுக்கலாமா என்று மனசு இழுத்தால், அங்கே வைத்தியம் தேவைப்படுவது பயத்துக்கு. எனக்கும் மே மாதத்துக்குப் பிறகு ஒரு முறை அப்படி இழுத்தது. லேபுக்குப் போகாமல் கவுன்சிலரிடம் போனேன்.

ஆஸ்பத்திரியில் குப்பை அள்ளுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருஷம் எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் மஞ்சள் பையைத் தூக்கித் தோளில் சாய்த்தபோது உள்ளே கிடந்த ஊசி தொடையில் குத்திவிட்டது. வெள்ளை டப்பாவில் விழ வேண்டிய ஊசி அது. யாரோ எங்களில் ஒருவர் அவசரத்தில் பையில் போட்டது. அக்கா யாரிடமும் சொல்லாமல் மஞ்சள்தூள் வைத்துக் கட்டியிருந்தார். "வேலைய விட்டுத் தூக்கிருவாங்களோன்னு பயம் சிஸ்டர்" என்றார். எப்போது போட்ட ஊசி என்று தெரியாத இந்த மாதிரிக் குத்தில் எச்.ஐ.வி. ஆபத்து குறைவு, வெளியே காய்ந்த ரத்தத்தில் அந்த வைரஸ் அதிகம் தாங்காது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஏழு நாள் வரை தாங்கும். ஊசியை லேபுக்குக் கொண்டுபோக வேண்டாம், ஆளை டாக்டரிடம் கூட்டிப்போனால் போதும். நான் அக்காவின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய் மஞ்சளைக் கழுவிவிட்டு, அப்படியே கேஷுவாலிட்டிக்கு நடத்திப்போனேன். பன்னிரண்டு வருஷமாகக் குப்பை அள்ளுகிற அவருக்கு ஒரு டோஸ் ஹெபடைட்டிஸ் தடுப்பூசிகூட யாரும் போட்டிருக்கவில்லை. அன்றைக்கே முதல் டோஸ் போட்டோம், ஒரு மாதத்தில் இரண்டாவது. ஆறாம் மாத டோஸுக்கான தேதியை எங்கள் டியூட்டி ரூம் காலண்டரில் நான்தான் பென்சிலால் புள்ளி வைத்தேன்.