கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் ஜெனரல் கெமிஸ்ட்ரி: சேர்வது எப்படி, தயாராவது எப்படி

ஊரில் பிளஸ் டூவில் வேதியியல் படித்துவிட்டு, கல்யாணமாகியோ வேலைக்காகவோ கலிபோர்னியா வந்து, பல வருடம் கழித்து மறுபடி படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கம்யூனிட்டி காலேஜின் டியூட்டரிங் சென்டரில் கெமிஸ்ட்ரி சொல்லித் தருவது என் வேலை. ஒவ்வொரு டேர்மிலும் நம் ஆட்கள் சிலர் வருவார்கள். பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "அணு அமைப்பு எல்லாம் மறந்துபோச்சு, பரவாயில்லையா?" அது பரவாயில்லை. நம்மவர்களை அதிகம் தடுமாற வைப்பவை வேறு இரண்டு: சேருவதற்கு முந்தைய காகித வேலை, சேர்ந்த பிறகு அலகும் கணக்கும்.

படி 1: எந்த கெமிஸ்ட்ரி என்று முடிவு செய்யுங்கள்

ஒரே காலேஜில் மூன்று வகை தொடக்க வேதியியல் வகுப்புகள் இருக்கும். ஒன்று, பள்ளியில் வேதியியலே படிக்காதவர்களுக்கான அறிமுக வகுப்பு. இன்னொன்று, நர்ஸிங் போன்ற மருத்துவத் துணைப் படிப்புகளுக்குப் போகிறவர்களுக்கானது. இதில் கொஞ்சம் கரிம வேதியியலும் உயிர் வேதியியலும் சேர்ந்திருக்கும். மூன்றாவதுதான் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான ஜெனரல் கெமிஸ்ட்ரி. பல காலேஜ்களில் இதற்குக் கெம் 1ஏ என்று பெயர். செமஸ்டர் முறையில் நடக்கும் காலேஜ்களில் 1ஏ, 1பி என்று இரண்டு பகுதி. டி ஆன்ஸா, ஃபுட்ஹில் மாதிரி குவார்ட்டர் முறையில் நடப்பவற்றில் 1ஏ, 1பி, 1சி என்று மூன்று.

பார்மஸி, மெடிசின், பொறியியல், உயிரியல் என்று போகிறவர்களுக்கு மூன்றாவது வகைதான் வேண்டும். நர்ஸிங் வகுப்பை எடுத்து 'ஏ' வாங்கினாலும் அது கெம் 1ஏ ஆகாது. அதனால் எங்கே போய்ச் சேரப்போகிறீர்களோ, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். யூசி, கால் ஸ்டேட் பல்கலைக்கழகங்களுக்கு மாறுவதாக இருந்தால் அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வ இணையதளத்தில் உங்கள் காலேஜையும் போகப்போகிற பல்கலைக்கழகத்தையும் கொடுத்துப் பாருங்கள். எந்த வகுப்பு எதற்கு ஈடு என்று வரிசையாகக் காட்டும். கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் அரை மணி நேரச் சந்திப்பு உருப்படியாக இருக்கும்.

படி 2: விண்ணப்பமும் கட்டணமும்

கம்யூனிட்டி காலேஜ்கள் எல்லாவற்றுக்கும் சிசிசி அப்ளை என்ற ஒரே வாசல்தான். கட்டணம் இல்லை. நிரப்பி அனுப்பினால் மாணவர் எண் வரும், அவ்வளவுதான். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். அப்பா பெயர் இனிஷியலாக ஓரிடத்தில், முழுப் பெயராக இன்னோரிடத்தில் என்று இருந்தால் பின்னால் டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள பட்டியல்) சேரும்போது குழப்பம்.

கலிபோர்னியாவில் வசிப்பவர் என்று கணக்கானால் செமஸ்டர் யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர். கெம் 1ஏ பொதுவாக 5 யூனிட், ஆக 230 டாலர். வசிப்பவர் இல்லை என்றால் யூனிட்டுக்குச் சில நூறு டாலர் கூடுதல். டேர்ம் தொடங்குவதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும், அதற்கு வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் போன்ற ஆதாரம் காட்ட வேண்டும். எச்-4, எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இப்படி வசிப்பிடம் காட்ட முடியும்; எச்-4இல் இருந்துகொண்டே படிக்கவும் செய்யலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் சர்வதேச மாணவர் அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும்.

படி 3: முன்தேவையைத் தீர்த்து வையுங்கள்

டேர்ம் தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே இதைக் கையில் எடுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம், இதை முடியாது.

கெம் 1ஏவுக்குப் பொதுவாக இரண்டு முன்தேவைகள். ஒரு அளவுக்கு அல்ஜீப்ரா, கூடவே அறிமுக வேதியியல் அல்லது அதற்கு ஈடானது. கம்ப்யூட்டருக்கு உங்கள் பிளஸ் டூ மார்க் ஷீட் தெரியாது. நீங்கள் 200க்கு 190 வாங்கியிருந்தாலும், பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினால் 'முன்தேவை நிறைவேறவில்லை' என்று சிவப்பில் வரும். அதைத் திறக்க மூன்று வழி.

முதல் வழி, வேதியியல் துறை நடத்தும் தகுதித் தேர்வு. கலிபோர்னியா காலேஜ்களில் அமெரிக்க கெமிக்கல் சொசைட்டியின் 'கலிபோர்னியா கெமிஸ்ட்ரி டயக்னாஸ்டிக்' தேர்வு ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது: 44 கேள்விகள், 45 நிமிடம், எல்லாம் கொள்குறி வகை. சில காலேஜ்கள் சொந்தமாகவும் நடத்துகின்றன. இதில் எத்தனை முறை உட்காரலாம் என்பதற்குக் காலேஜ் வரம்பு வைத்திருக்கும், முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் நம் ஆட்களுக்கு இதுதான் நேர்வழி.

இரண்டாவது, பழைய சான்றிதழ். ஊரில் பட்டப்படிப்பில் வேதியியல் படித்திருந்தால், டிரான்ஸ்கிரிப்டை இங்கே அங்கீகரிக்கப்பட்ட ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து அறிக்கை வாங்க வேண்டும். உங்கள் காலேஜ் எந்தெந்த நிறுவனங்களை ஏற்கும் என்ற பட்டியல் அட்மிஷன்ஸ் பக்கத்தில் இருக்கும். அறிக்கையில் பாடவாரியாக ஒன்று, மொத்தமாக ஒன்று என்று இரண்டு ரகம் உண்டு. விலை குறைவு என்று மொத்த அறிக்கையை வாங்கினால் கெமிஸ்ட்ரி படித்தது அதில் தெரியவே தெரியாது. பாடவாரி அறிக்கையே வாங்குங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர நாளாகும், ஊரில் தம்பியோ சித்தப்பாவோ ஒருவர் நேரில் போய் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, அறிமுக வகுப்பையே எடுத்துவிடுவது. பிளஸ் டூ முடித்துப் பதினைந்து வருடம் ஆகி, மோல் என்றாலே முழிப்பவராக இருந்தால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு டேர்ம் கூடுதலாகப் போகும், ஆனால் 1ஏவில் மூச்சு முட்டாது.

படி 4: பதிவு நாள்

ஒவ்வொருவருக்கும் பதிவு தொடங்கும் நாளும் நேரமும் தனித்தனி. புதியவர்களுக்குக் கடைசியில்தான் வரும். லேப் வகுப்பில் மேஜைகளின் எண்ணிக்கைதான் இடங்களின் எண்ணிக்கை, ஒரு பிரிவுக்கு இருபத்துச் சொச்சம் பேர்தான். ஆகவே உங்கள் நேரம் வருவதற்குள் மாலை லேப் எல்லாம் நிறைந்திருக்கும். இரண்டு மூன்று பிரிவுகளின் எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, நேரம் திறந்ததும் போடுங்கள். இடம் இல்லையென்றால் வெயிட்லிஸ்ட். அதில் இருப்பவர்கள் முதல் நாள் வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். பதிவு செய்தவர் முதல் லேபுக்கு வராவிட்டால் ஆசிரியர் அவரை நீக்கிவிட்டு, வெயிட்லிஸ்டில் நேரில் வந்து நிற்பவருக்கு ஆட் கோடு, அதாவது வகுப்பில் சேர்வதற்கான அனுமதி எண், கொடுப்பார். மூன்றாவது இடத்தில் இருந்தவர்கள் உள்ளே நுழைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்கும் காலாவதி உண்டு, அன்று இரவே போட்டுவிடுங்கள்.

எத்தனை வகுப்பு சேர்த்து எடுக்கலாம்? இங்கே ஒரு யூனிட் என்றால் செமஸ்டருக்குக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு என்று கணக்கு. 5 யூனிட்டுக்கு 240 மணி, பதினாறு வாரத்தில் வாரத்துக்கு 15 மணி. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கெமிஸ்ட்ரியோடு கால்குலஸையும் சேர்த்து எடுக்காதீர்கள்.

படி 5: வகுப்புக்கு முன் என்ன படிப்பது

ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் வேதியியல் பாடநூல் இணையத்தில் முழுக்க இலவசம். முதல் நான்கு அத்தியாயம் போதும். தமிழ் வழியில் படித்தவர்கள் அதோடு தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு வேதியியல் நூலில் முதல் அலகை, அதாவது வேதிக் கணக்கீடுகளை, பக்கத்தில் வைத்துப் படித்தால் சட்டென்று பிடிபடும். அதுவும் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்காதீர்கள். கீழே சொல்லும் நான்கை மட்டும் கை பழக்குங்கள்.

அலகு மாற்றம். நாம் சூத்திரத்தில் எண்ணைப் போட்டுப் பழகியவர்கள். இங்கே ஒவ்வொரு எண்ணோடும் அலகையும் எழுதி, அலகுகளை வெட்டிக்கொண்டே போக வேண்டும். விடை சரியாக இருந்தாலும் அலகில்லாமல் எழுதினால் மார்க் போகும். வீட்டு வினிகரை எடுத்துக்கொள்வோம். பாட்டிலில் 5 சதவீதம் அமிலம் என்று இருக்கும். 100 மிலியில் 5.0 கிராம் அசிட்டிக் அமிலம் என்று வைத்துக்கொண்டால் அதன் மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மோல், என்ன?

5.0 கிராம் / 100 மிலி × 1000 மிலி / 1 லிட்டர் × 1 மோல் / 60.05 கிராம்

கிராம் கிராமோடு வெட்டுப்படும், மிலி மிலியோடு வெட்டுப்படும். மிஞ்சுவது மோல்/லிட்டர். மிஞ்சிய அலகு கேட்ட அலகாக இருந்தால் பாதை சரி. கால்குலேட்டர் 0.832639 என்று காட்டும்.

முக்கிய எண்ணுருக்கள். அந்த 0.832639ஐ அப்படியே எழுதினால் அரை மார்க் குறையும். 5.0 என்பதில் இரண்டு இலக்கம்தான் நம்பகமானது, ஆகவே விடை 0.83. இதைக் காலேஜில் சிக் ஃபிக்ஸ் என்பார்கள், எல்லாத் தேர்விலும் லேப் அறிக்கையிலும் விடாமல் பார்ப்பார்கள்.

கால்குலேட்டர். லாகரிதம் டேபிள் புரட்டிப் பிளஸ் டூ எழுதிய தலைமுறைக்கு இது புதுசு. 1.204 × 10²⁴ஐ 6.022 × 10²³ஆல் வகுக்கச் சொன்னால் விடை கிட்டத்தட்ட 2. ஆனால் பத்தின் அடுக்கைப் பெருக்கல் குறி போட்டுத் தட்டினால், கால்குலேட்டர் முதலில் 6.022ஆல் வகுத்து, பிறகு 10²³ஆல் பெருக்கி, கிட்டத்தட்ட 2 × 10⁴⁶ என்று கூசாமல் சொல்லும். அடுக்குக்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது. மாடலைப் பொறுத்து இஇ அல்லது எக்ஸ்ப் என்று எழுதியிருக்கும். அதையே பயன்படுத்துங்கள். சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். கிராஃபிங் வகையைப் பல ஆசிரியர்கள் தேர்வில் விடுவதில்லை.

பெயர்கள். சல்பேட், நைட்ரேட் மாதிரி பல அணுக்கள் சேர்ந்த அயனிகளின் பெயர், வாய்பாடு, மின்சுமை மூன்றையும் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள், குறுக்குவழி கிடையாது. ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் என்று சொன்னால் இங்கே புருவம் உயரும். அயர்ன் டூ, அயர்ன் த்ரீ என்பதே வழக்கம். நார்மாலிட்டியையும் மறந்துவிடுங்கள், எல்லாம் மோலாரிட்டிதான். நாம் 0.1 நார்மல் என்று பழகிய பெர்மாங்கனேட் கரைசல் அமில ஊடகத்தில் 0.02 மோலார். ஒரு பெர்மாங்கனேட் அயனி ஐந்து எலக்ட்ரான் வாங்குவதால் ஐந்தால் வகுக்கும் கணக்கு அது. வி ஒன் என் ஒன் சூத்திரத்தை அப்படியே இங்கே போட்டால் விடை ஐந்து மடங்கு தவறும்.

படி 6: முதல் லேப்

வாங்க வேண்டியவை: கண்ணை முழுவதும் மூடும், ரசாயனத் தெறிப்புக்கான கூகிள்ஸ் (இசட்87 முத்திரை இருக்க வேண்டும், பவர் கண்ணாடி இதற்கு ஈடாகாது), லேப் கோட், பக்கத்துக்குப் பக்கம் நகல் விழும் லேப் நோட்டு. நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், வைட்னர் கூடாது.

உடை விஷயத்தில் கறாராக இருப்பார்கள். கணுக்கால் வரை மூடிய பேன்ட், மூடிய ஷூ. செருப்போடு வந்தால் கதவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுடிதார் போட்டால் துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். பர்னர் பக்கத்தில் குனியும்போது அது எங்கே விழுகிறது என்று நமக்கே தெரியாது. பின்னலை கோட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சிப் பழகியிருந்தால், அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இங்கே ரப்பர் பல்ப் இல்லாமல் பிப்பெட்டைத் தொடவே கூடாது. பியூரெட் வாசிப்பதிலும் ஒரு வித்தியாசம். நாம் 18.4 என்று எழுதி, அடுத்ததும் 18.4 வந்தால் இணக்கமான மதிப்பு என்று முடித்துவிடுவோம். இங்கே 0.1 மிலி கோடுகளுக்கு நடுவே கண்ணால் பத்தாகப் பிரித்து 18.43 என்று எழுத வேண்டும். திரவத்தின் வளைந்த அடிப்பகுதி கண் மட்டத்தில் இருக்கட்டும். பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்தால் அந்த அடி விளிம்பு தெளிவாகத் தெரியும். சரியாகக் கோட்டின் மேலேயே நின்றாலும் 18.40 என்றுதான் எழுத வேண்டும், அந்தப் பூஜ்யத்துக்கும் மார்க் உண்டு.

படி 7: தேதிகள்

பாடத்திட்டத் தாள் கைக்கு வந்த அன்றே மூன்று தேதிகளைப் போனில் ஏற்றுங்கள்: பணம் திரும்பக் கிடைக்கும்படி விலகக் கடைசி நாள், டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' (வகுப்பிலிருந்து விலகியதற்கான குறி) விழாமல் விலகக் கடைசி நாள், 'டபிள்யூ'வோடு விலகக் கடைசி நாள். ஒரே வகுப்பைக் கம்யூனிட்டி காலேஜில் பொதுவாக மூன்று முறைதான் எடுக்க முடியும், 'டபிள்யூ' வாங்கியதும் அதில் ஒரு முறையாகக் கணக்காகும். 1பிக்குப் போக 'சி' வேண்டும். அதனால் முதல் தேர்வு இரண்டாவது தேதிக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், அதுவரை நடந்த குவிஸ் மார்க்குகளை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் ஆஃபீஸ் நேரத்தில் போய், "இந்த மார்க்கோடு நான் தொடரலாமா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

சில துறைகள் டேர்ம் கடைசியில் அமெரிக்க கெமிக்கல் சொசைட்டியின் பொதுத் தேர்வையே இறுதித் தேர்வாக வைக்கின்றன. 70 கேள்வி, 110 நிமிடம், தவறுக்கு மைனஸ் இல்லை. உங்கள் துறையும் அப்படியா என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டால், அதற்கான பயிற்சிக் கையேட்டை நூலகத்தில் மற்றவர்களுக்கு முன் எடுத்துவிடலாம்.