லிவர்பூலில் ஒரு பகல்: கப்பலில் செல்லும் கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

அயல்நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் மாவட்டத்துப் பெற்றோரில் சிலர், அங்கிருந்து பிரித்தானியத் தீவுகளைச் சுற்றிவரும் குரூஸ் கப்பலிலும் பயணம் செய்கிறார்கள். அத்தகைய கப்பல்கள் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் பெரும்பாலும் ஒரு பகல் மட்டுமே நிற்கும். அந்தப் பகலில் பேருந்தேறி செஸ்டர், ஏரி மாவட்டம் போன்ற வெளியூர்ச் சுற்றுலா இடங்களுக்கு ஓடுவதைவிட, துறையிலிருந்து ஒரு மைல் சுற்றளவுக்குள் நடந்து பார்ப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. கல் குவாரியையும் கிரானைட் பட்டறையையும் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் நின்று பார்க்க வேண்டிய கல் வேலை அந்த ஒரு மைலுக்குள் நிறைய இருக்கிறது.

முதலில் விசா. கப்பல் சில மணி நேரமே நிற்கிறது என்பதால் விசா தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே இறங்கிச் சுற்றிப் பார்க்க வருகையாளர் விசா பெற்றிருக்க வேண்டும். அதற்கான விண்ணப்ப மையம் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான் என்பதால், கைரேகை பதிந்துவிட்டு அன்றே வீடு திரும்பிவிடலாம். அதே பயணத்தில் கப்பல் பிரான்சிலோ அயர்லாந்திலோ நிற்குமானால், அந்த நாடுகளின் விசா விதிகளையும் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோடையிலும் அங்கே பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும்; ஆற்றங்கரைக் காற்றும் சேர்ந்தால் ஓசூரின் மார்கழிக் காலை நினைவுக்கு வரும். அந்தக் காற்றில் குடை நிற்காது என்பதால், தலைமூடியுடன் கூடிய மழைக்கோட்டும் நன்றாகப் பழகிய காலணியும் கொண்டு செல்லுங்கள். சேலை உடுத்தும் பெண்கள் உள்ளே கம்பளி அணிந்துகொள்வது நல்லது.

கப்பல் நிற்கும் இடத்திலிருந்தே பார்க்கத் தொடங்கலாம். மெர்சி ஆற்றின் நீர்மட்டம் கடலின் ஓதத்தால் நாளுக்கு இரு முறை ஏறி இறங்குகிறது; பெரிய ஓத நாட்களில் அந்த வேறுபாடு சுமார் 10 மீட்டர். கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்தும் மேடை மிதவையாக அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். காலையில் நீங்கள் இறங்கி நடக்கும் பாலத்தின் சரிவு மாலையில் வேறாக இருக்கும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரமின்றித் திரும்பும்படி நேரத்தைத் திட்டமிட வேண்டும்.

இந்த ஓதம்தான் ஊரையே உருவாக்கியது. நீர் வற்றும்போது கப்பல்கள் சேற்றில் தரைதட்டும் அல்லது நடு ஆற்றில் காத்துக் கிடக்கும். அதைத் தீர்க்க, தாமஸ் ஸ்டீர்ஸ் என்ற பொறியாளர் கட்டிய கதவுடைய கப்பல் துறை 1715-இல் திறக்கப்பட்டது. வணிகக் கப்பல்களுக்காக இவ்வாறு கட்டப்பட்ட துறைகளில் உலகிலேயே முதலாவது என அதைச் சொல்வார்கள். உயர் ஓதத்தில் கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு, நீர் வடியத் தொடங்குமுன் கதவை மூடிவிடுவார்கள். கே.ஆர்.பி. அணையின் ஷட்டர் பாசனத்திற்காகத் தென்பெண்ணை நீரைத் தேக்குகிறது; இங்கே கப்பல் மிதப்பதற்காகத் தேக்கினார்கள். அந்தப் பழைய துறை இன்று ஒரு பெரிய கடைவீதியின் அடியில் இருக்கிறது. சில நாட்களில் மட்டும், முன்பதிவு செய்தவர்களை வழிகாட்டியுடன் கீழே அழைத்துச் செல்கிறார்கள்.

உங்கள் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் பியர் ஹெட் என்ற ஆற்றங்கரைத் திடல் வரும். அங்கே வரிசையாக நிற்கும் மூன்று பெரிய கட்டடங்களில், 1911-இல் திறக்கப்பட்ட ராயல் லிவர் கட்டடத்தின் கடிகார முகங்கள் 7.6 மீட்டர் விட்டமுடையவை. லண்டன் பிக் பென் கடிகாரத்தைவிடப் பெரியவை. பீட்டில்ஸ் இசைக்குழுவின் சிலைகளும் அருகிலேயே உள்ளன, படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். டைட்டானிக் மூழ்கியபோது இறுதிவரை பணியில் நின்ற என்ஜின் அறை ஊழியர்களுக்கான கிரானைட் தூண் அருகே சற்று அதிக நேரம் நில்லுங்கள். அந்தக் கப்பல் புறப்பட்டது சவுத்தாம்ப்டனிலிருந்து என்றாலும், அது பதிவு செய்யப்பட்டிருந்த துறை லிவர்பூல்தான்.

மேலும் தெற்கே சென்றால் ஆல்பர்ட் டாக். என்னைக் கேட்டால் அன்றைய பகலில் பாதியை இங்கே செலவிடலாம். ஜெஸ்ஸி ஹார்ட்லி வடிவமைத்து 1846-இல் திறக்கப்பட்ட இந்தத் துறையின் கிடங்குகளில், தீப்பிடிக்காதிருக்க மரச் சட்டங்களைத் தவிர்த்து வார்ப்பிரும்பு, செங்கல், கல் ஆகியவற்றையே பயன்படுத்தினார்கள். நீர்விளிம்பில் குனிந்து சுவரைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் குவாரியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கிரானைட்டை, ஒரே அளவாக அறுக்காமல், ஒன்றின் கோணத்திற்கு மற்றொன்று பொருந்தும்படி கொத்தி இறுக்கியிருக்கிறார் ஹார்ட்லி. நம் ஊரில் உளி பிடித்த எவரும் அந்த இணைப்புகளைத் தடவிப் பார்க்காமல் நகர மாட்டார்.

இந்தத் துறைகளையும் கட்டடங்களையும் எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. லிவர்பூல் கப்பல்கள் ஏறத்தாழ 15 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அட்லாண்டிக் கடந்து கொண்டு சென்றன. பிரித்தானியா அந்த வணிகத்தை 1807-இல்தான் சட்டத்தால் தடை செய்தது. இதைப் பற்றிய அருங்காட்சியகம் ஆல்பர்ட் டாக்கில் இருக்கிறது. சீரமைப்புக்காக 2025 தொடக்கத்தில் அது மூடப்பட்டது என்பதால், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செல்லுங்கள். மூடியிருந்தால், பியர் ஹெட்டிலிருந்து வாட்டர் தெருவில் சில நிமிடம் ஏறி நகர மன்றத்திற்குச் செல்லுங்கள். 1754-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரின் மேற்பகுதியில், ஆப்பிரிக்கர்களின் முகங்களும் யானைகளும் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. வணிகர்கள் அதை மறைக்க நினைக்கவில்லை. பெருமையாகக் கருதிக் கல்லில் வைத்தார்கள். அண்ணாந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

உணவைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தான் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், சில கடைகளில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுண்டு. எந்த எண்ணெய் என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். போல்ட் தெருவில் பல நாட்டு உணவகங்கள் உள்ளன. கார்டு எங்கும் செல்லும், ஆகவே பவுண்டு நோட்டு அதிகம் மாற்ற வேண்டியதில்லை.

நேரம் மீந்தால் பியர் ஹெட்டிலிருந்து மெர்சி படகில் ஏறலாம்; சுமார் 50 நிமிடம் ஆற்றில் சுற்றிவரும். ஒகேனக்கல் பரிசல் ஏறியவர்களுக்கு அதன் ஆட்டம் ஒரு பொருட்டன்று. மேட்டில் தெரியும் செங்கல் நிற மணற்கல் பேராலயம் பிரித்தானியாவிலேயே பெரியது, 1904-இல் தொடங்கி 1978-இல் முடிந்தது. ஆனால் அதற்கு டாக்சி வேண்டும்.

கப்பல் திரும்பச் சொன்ன நேரத்திற்கு ஒரு மணி முன்னதாகவே துறையில் இருங்கள். முந்தைய நாள் பிரான்சில் நின்றிருந்தால் கைக்கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடக்கூடும். கப்பலின் அறிவிப்புப் பலகையில் உள்ள நேரத்தையே நம்புங்கள். ஏறிய பின் அறைக்குள் போய்விடாமல் மேல்தளத்தின் வலப்பக்கம் நில்லுங்கள். கப்பல் வடக்கே கடலை நோக்கி நகரும்போது, கரையோரத்தில் ஆறு பக்கமுள்ள ஒரு கிரானைட் கோபுரம் தெரியும். அதுவும் ஹார்ட்லி கட்டியதே. ஆற்றில் செல்லும் மாலுமிகள் நேரம் பார்ப்பதற்காக 1848-இல் அதில் கடிகாரம் வைத்தார்கள்.